கட்டிலிலிருந்து அடுப்படி வரை

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் பிசியோதெரபி உத்தியோகத்தர் ஒருவர் பேசியது. அன்றைக்கு மலையில் நின்றவர்களுக்காகவும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வர முடியாமல் போனவர்களுக்காகவும் அவர் பேசியபடியே இங்கு தருகிறோம்.)



அரை நாள் பேரை விட்டுவிட்டு வந்திருக்கிறீங்க என்று வெல்பெயார் ஐயா சொன்னார். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வாறேன்.

பிசியோதெரபி என்றால் கரண்ட் பிடிக்கிற இடம் என்றுதான் நம்ம ஆட்கள் நினைக்கிறாங்க. "மிஸ், முதுகுக்குக் கொஞ்சம் கரண்ட் பிடிச்சு விடுங்க" என்று கேட்டுக்கொண்டே வருவாங்க. கரண்ட் மெஷின் இருக்கு, சூடு கொடுக்கிற லைட்டும் இருக்கு. நோவு கொஞ்சம் குறையும். ஆனால் அது எங்கள் வேலையில் ஒரு சிறு பங்குதான். விழுந்துபோன கையை, மடங்காத முழங்காலை, பிடித்துக்கொண்ட முதுகை அசைத்துப் பழக்கி, பலம் ஏற்றி, ஆளை எழுப்பி நடக்க வைப்பதுதான் உண்மையான வேலை. தமிழில் இயன்மருத்துவம் என்று எழுதுகிறார்கள்.

இதற்குக் கூடப் பிறந்த இன்னொரு வேலை இருக்கு. ஒக்கியுபேஷனல் தெரபி, அதாவது தொழில்வழிச் சிகிச்சை. பேரைக் கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரியில தொழில் எடுத்துக் கொடுக்கிறாங்களா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். அப்படி இல்லை. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, சமைப்பது, கக்கூசுக்குப் போவது, மலைக்குப் போவது, இப்படி ஒரு மனுஷர் ஒரு நாளில் செய்கிற காரியமெல்லாம் இங்கே தொழில்தான். வருத்தம் வந்த பிறகு அந்தக் காரியங்களை மறுபடியும் செய்யப் பழக்குவார்கள். உடம்பால் முடியாமல் போனதற்கு, சாமானையும் வீட்டையும் மாற்றிக் கொடுப்பார்கள்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் வகுப்பில் படித்தேன். ஆனால் விளங்கிக்கொண்டது ஒரு பெரியம்மாவிடம். அவருடைய கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

வேறொரு தோட்டம். கொழுந்து எடுக்கிற அம்மா, வயது ஐம்பத்து நாலு. பிரஷருக்குக் குளிசை கொடுத்திருந்தார்கள். தலைச்சுற்று நின்றதும் இனித் தேவையில்லை என்று அவராகவே நிறுத்திவிட்டார். ஒருநாள் காலையில் பீலிக்கரையில் சட்டி கழுவிக்கொண்டிருக்கும்போது வலது கையிலிருந்து சட்டி நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறிப் போச்சு. வீட்டில் கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, எண்ணெய் தேய்த்து, சுடுதண்ணி பருக்கி, பின்னேரம் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது இரவாகிப் போச்சு.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒன்று சொல்லணும். முகம் ஒரு பக்கம் தொங்கினால், இரண்டு கையையும் தூக்கச் சொல்லும்போது ஒன்று கீழே விழுந்தால், பேச்சுக் குழறினால், அது பாரிசவாதம். மூளைக்குப் போகிற ரத்தம் தடைப்பட்டுவிட்டது, அல்லது ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. அடைப்பாக இருந்தால் அதைக் கரைக்கிற மருந்து இருக்கு. ஆனால் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேணும், அதற்கு முன்னே தலையை ஸ்கேன் பண்ணிப் பார்க்கவும் வேணும். அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மணிக்கூட்டைப் பாருங்க. உடனே 1990க்குப் போன் பண்ணுங்க. அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. லொறி வரும், துண்டு எழுதணும் என்று காத்திருக்க வேண்டாம். வாயில் தண்ணியோ தேத்தண்ணியோ குளிசையோ கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

சரி, அந்தப் பெரியம்மா. வார்டில் பன்னிரண்டு நாள் இருந்தார். நான்தான் பழக்கினேன். முதலில் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, பிறகு எழுந்து நிற்க வைத்து, பிறகு ஊன்றுகோல் பிடித்து நடக்க வைத்தேன். வீட்டுக்குப் போகும் நாளில் வார்டு வராந்தாவில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்தார். எனக்குப் பெரிய சந்தோஷம். செய்ய வேண்டிய அப்பியாசங்களைக் கடதாசியில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய வீட்டுக்காரர் மட்டும் கிளினிக்குக் குளிசை எடுக்க வந்தார். "அம்மா நடக்கிறாங்களா?" என்று கேட்டேன். "இல்ல மிஸ், கட்டில்லதான். ஆனா ஒரு கொறையும் வைக்கல. ஊட்டுறது, கழுவுறது, உடுத்துறது எல்லாம் நாங்களே பாத்துக்கிறோம். மருமக வேலைக்குப் போறதையே நிப்பாட்டிட்டா" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஒரு வீட்டில் இரண்டு பேர் அழிந்து போச்சு, அதோடு நடந்த மனுஷி படுத்திட்டா. எனக்கு ராத்திரி நித்திரை வரவில்லை.

அடுத்த கிழமை, தொழில்வழிச் சிகிச்சை செய்கிற என் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். லயத்து வாசலுக்குப் போனதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இஸ்தோப்பிலிருந்து கீழே இறங்க முழங்கால் உயரத்தில் ஒரு படி. அதற்குக் கீழே ஏழு கருங்கல் படி, பாசி பிடித்து வழுக்குது. அதற்கும் கீழேதான் கக்கூஸ். அந்தப் பக்கம் முழுக்கப் பார்த்தாலும் எங்கள் வராந்தாவைப் போல ஒரு சமதரை இல்லை. கால் நடக்குதா என்று மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். அந்தக் கால் எங்கே போய் வரணும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே அது தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

உள்ளே போனோம். வலது கையைப் பிடித்து இழுத்துத்தான் அவரைத் தினமும் தூக்கியிருக்கிறார்கள். பாரிசவாதம் வந்த தோளில் சதை பிடிப்பில்லாமல் இருக்கும், இழுத்தால் மூட்டு இறங்கிப்போகும். அந்தத் தோளைத் தொட்டாலே அம்மா கத்தினார். விரல்கள் மடங்கி முஷ்டியாக இறுகிப் போயிருந்தன. யாரோ சொல்லி டவுனில் இறப்பர் பந்து வாங்கி, "அமுக்கு, அமுக்கு" என்று கொடுத்திருக்கிறார்கள். மடங்கிப் போகிற விரலுக்கு இன்னும் மடக்கப் பழக்கம் எதுக்கு? அதற்குத் தேவை விரிக்கிற பழக்கம். பந்தை வாங்கிப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்தோம்.

என் சிநேகிதி எங்கே நோகுது என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, எழும்பினா மொதல்ல என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டாள். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குழறிக் குழறிச் சொன்னார்: "ரொட்டி சுடணும். இவ சுடுற ரொட்டி வாயில வைக்க ஏலாது." அழுதுகொண்டே சொன்னார். மருமகளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த ரொட்டிதான் அன்றிலிருந்து சிகிச்சை. மா குழைக்கிற பாத்திரத்துக்குக் கீழே ஈரத்துணியை மடித்து வைத்தோம், பாத்திரம் வழுக்காது. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையை விரித்துப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்து, அது வெறும் பாரமாக இருந்தாலும் பரவாயில்லை, இடது கையால் குழைக்கணும். விழுந்த கை எந்தக் காரியத்திலும் பங்கில்லாமல் மடியில் கிடக்கக் கூடாது. கிடந்தால் மூளை அந்தக் கையை மறந்துவிடும். வெங்காயம் அரிய ஒரு பலகையில் துருப்பிடிக்காத இரண்டு ஆணியைக் கீழிருந்து அடித்து, நுனி மேலே நிற்க வைத்தோம். வெங்காயத்தை அதில் குத்தி வைத்தால் ஒரு கையாலேயே அரியலாம். கரண்டிப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிப்பாக்கினோம், பலம் குறைந்த விரலுக்குத் தடித்த பிடிதான் வசதி. அடுப்பில் மட்டும் கவனம். அந்தக் கையில் சூடு தெரியாமல் இருக்கலாம், சுட்ட பிறகுதான் காணும். அதனால் ரொட்டியைத் திருப்புவது நல்ல கை மட்டும்.

இனிப் படி. மகனும் பக்கத்து லயத்துப் பையன்மாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து முழங்கால் உயரப் படிக்கு நடுவே ஒரு அரைப் படி கட்டினார்கள். பாசியைச் சுரண்டினார்கள். பிடித்து இறங்க மூங்கில் கட்டினார்கள், ஆனால் ஒரு பக்கம் மட்டும். நான் பார்த்துவிட்டு நல்லம் என்றேன். சிநேகிதிதான் பிடித்தாள்: "இறங்கும்போது மூங்கில் இடது பக்கம், நல்ல கைக்கு வரும். ஏறி வரும்போது? அதே மூங்கில் விழுந்த கைப் பக்கமல்லவா வரும்?" அப்படியே நின்றோம். பிறகு இரண்டு பக்கமும் கட்டினோம். வீட்டில் படிக்குக் கைப்பிடி போடுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். கக்கூசில் குந்த முடியாததற்கு, பலமான பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, குழியின் மேலே வைத்தோம். கதிரை ஆடாமல் கால் நாலும் சரியாக ஊன்றுதா என்று வீட்டிலே ஒருவர் முதலில் உட்கார்ந்து பார்க்கணும்.

நாலு மாதத்தில் அவர் ரொட்டி சுட்டார். பொய் சொல்லக் கூடாது, வலது கை முழுதாக வரவில்லை. கொழுந்து எடுக்கிற வேலை இனி இல்லை. ஆனால் அவராகவே படியிறங்கிக் கக்கூசுக்குப் போய் வாறார், பாத்திரத்தைப் பிடிக்க அந்தக் கை உதவுது, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பேரப்பிள்ளைக்குச் சாப்பாடு போடுறார். மருமகள் மலைக்குத் திரும்பிவிட்டாள்.

வீட்டில் பாரிசவாதம் வந்தவரைப் பார்த்துக்கொள்கிறவங்க இதைக் கேளுங்க. ஒரே பக்கமாகக் கிடத்தி வைக்காமல் பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது புரட்டுங்க, இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். விழுந்த கைக்குக் கீழே எப்போதும் தலகாணி ஒன்று வையுங்க. தூக்கும்போது கையைப் பிடிக்காதீங்க, இடுப்பைப் பிடியுங்க. சாப்பாடு கொடுப்பது நிமிர்ந்து உட்கார வைத்துத்தான். சட்டை போடும்போது விழுந்த கை முதலில் உள்ளே, கழற்றும்போது அது கடைசியில் வெளியே. முதல் மூன்று தொடக்கம் ஆறு மாதத்தில்தான் உடம்பு வேகமாகத் திரும்பும், அந்த நாட்களைக் கட்டிலில் வீணாக்கக் கூடாது. ஆறு மாதம் கடந்தவர்களும் விட்டுவிட வேண்டாம், மெதுவாக என்றாலும் முன்னேற்றம் இருக்கு. அவர் ஒரு பொத்தான் போடப் பத்து நிமிஷம் எடுத்தால், பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருங்க. பாசத்தில் நீங்க ஓடிப்போய்ப் போட்டுவிட்டால் அவருடைய அப்பியாசத்தை நீங்க எடுத்துவிட்டீங்க. பிரஷர்க் குளிசையை டொக்டர் சொல்லாமல் நிறுத்தவே வேண்டாம்.

இப்போது சுகமாக இருக்கிறவங்களுக்கு வாறேன். பின்னால் நிற்கிற அண்ணன்மார் சிரிக்கிறது தெரியுது. "நாங்க மலை ஏறி இறங்குறமே, அதுக்கு மேல என்ன எக்ஸசைஸ்?" என்றுதானே? நல்ல கேள்விதான். மலை ஏறுவது நெஞ்சுக்கும் காலுக்கும் நல்லது. ஆனால் வேலை என்பது ஒரே அசைவு. கொழுந்து எடுக்கிறவர் காலையிலிருந்து பின்னேரம் வரை தலை குனிந்து, முதுகு வளைந்து, இரண்டு கையும் முன்னுக்கு. கவ்வாத்து வெட்டுகிறவரும் அதே வளைவு, அதோடு ஒரே தோளால் வீச்சு. யாராவது நாள் முழுக்கப் பின்னுக்கு வளைந்து வேலை செய்றீங்களா? இல்லை. அந்தக் குறையைத்தான் அப்பியாசம் நிரப்புது.

நிறுவைக்கு நிற்கிற நேரம் இருக்கே, அதுதான் அதற்கு நேரம். கூடையை இறக்கின உடனே இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல் மெதுவாகப் பின்னுக்கு வளையுங்க, ஐந்து தரம். தோள்பட்டை எலும்பு இரண்டையும் பின்னால் ஒன்றோடொன்று சேர்க்கிற மாதிரி இழுத்து ஐந்து எண்ணுங்க. தலையை நிமிர்த்தி, நாடியை உள்ளுக்கு இழுத்து ஐந்து எண்ணுங்க. பிறகு ஒரு கையை நேரே நீட்டி, மற்றக் கையால் விரல்களை மெல்லப் பின்னுக்கு வளையுங்க. கொழுந்து கிள்ளிக் கிள்ளிப் பெருவிரல் பக்கம் நோகிறவர்களுக்கு அது இதம். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம் ஆகாது. கங்காணி ஐயாவும் சேர்ந்து செய்தால் யாரும் வெட்கப்பட மாட்டாங்க.

தலைக்கயிறு போடுகிற தோட்டங்களில் கூடையின் பாரம் முழுக்கக் கழுத்தெலும்பில்தான் இறங்குது. கயிற்றுக்குக் கீழே துணியை அகலமாக மடித்து வையுங்க. கூடை முதுகோடு ஒட்டி இருக்கணும், கீழே தொங்கினால் பாரம் இரட்டிப்பு மாதிரி இழுக்கும். மழை நாளில் நனைந்த கொழுந்து கூடப் பாரம், அதைச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கழுத்துக்குத் தெரியும். நிறைந்த கூடையைத் தரையிலிருந்து தனியாகத் தூக்காமல், மேட்டில் வைத்து, பக்கத்தில் நிற்கிறவரைப் பிடிக்கச் சொல்லி மாட்டுங்க. மருந்தடிக்கிற தம்பிமாருக்கும் ஒன்று. பதினாறு லீட்டர் டேங்க் என்றால் தண்ணி மட்டும் பதினாறு கிலோ, டேங்கின் பாரம் வேறு. அதை ஒரு தோளில் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடுகிறதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பட்டியும் மாட்டுங்க.

முதுகு பிடித்துக்கொண்டால் நம்ம வழக்கம், கோடாலித் தைலம் தடவிக்கொண்டு ஒரு கிழமை படுப்பது. தைலம் தடவுங்க, அதில் குற்றமில்லை. ஆனால் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் படுக்க வேண்டாம். படுக்கப் படுக்கச் சதை இளகும், முதுகு இன்னும் பிடிக்கும். தாங்கக்கூடிய அளவுக்கு எழுந்து நடங்க. ஆனால் முதுகு நோவோடு மூத்திரம் அடக்க முடியாமல் போனால், அல்லது போகாமல் நின்றால், தொடை இடுக்கு மரத்துப்போனால், கால் பலமில்லாமல் போனால், அது வேறு விஷயம். நரம்பு நசியுது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

முழங்கால் நோவு இங்கே எத்தனை பேருக்கு? பாதிக் கை மேலே போகுது! கதிரையில் உட்கார்ந்து, காலை நேரே நீட்டித் தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்க. ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தரம், காலையும் மாலையும். தொடைச் சதை பலமானால் முழங்காலின் பாரம் குறையும். ஊன்றுகோலை நோகிற காலின் பக்கத்துக் கையில் பிடிக்கிறாங்க, அது பிழை. எதிர்க் கையில் பிடிக்கணும். படி ஏறும்போது நல்ல கால் முந்தி, இறங்கும்போது நோவுக் கால் முந்தி.

வேலை நேரத்தில் விழுந்து அடிபட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அன்றைக்கே சொல்லி எழுத்தில் பதிய வையுங்க. 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் உங்களுக்கும்தான், ஆனால் எழுத்தில் இல்லாத காயத்துக்கு நட்டஈடு கேட்பது பெரும்பாடு.

சிகிச்சைக்கு எங்கே போவது என்று வரும்போதே ஒரு அம்மா கேட்டார். தோட்டத்து மருந்து ஐயாவிடம் அல்லது பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்லி, பிசியோதெரபி இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்குங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. நாள்பட்டுத் தங்கிப் பழக வேண்டியவர்களுக்கு ராகமையிலும், கண்டிக்குப் பக்கத்தில் திகனையிலும் புனர்வாழ்வு ஆஸ்பத்திரி இருக்கு. பஸ் காசும் போகும் பேரும் எனக்குத் தெரியும், இரண்டு தரம் வந்துவிட்டு நின்றுபோகிறவர்களை நான் ஏசுவதில்லை. ஆனால் முதல் நாள் வரும்போதே, "மிஸ், எங்களால மாசம் ஒருக்காதான் வர முடியும்" என்று வாய் திறந்து சொல்லுங்க. வீட்டில் செய்கிற மாதிரி நாங்கள் மாற்றிக் கொடுப்போம். இன்னொன்று, வரும்போது வீட்டுப் படி எத்தனை, எவ்வளவு உயரம், கக்கூஸ் எவ்வளவு தூரம் என்று கயிற்றால் அளந்து கொண்டு வாங்க. நான் இப்போது எல்லாரிடமும் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

இரண்டு மணி வரை இங்கேதான் இருப்பேன். ஊன்றுகோல் வைத்திருக்கிறவங்க அதைக் கொண்டு வாங்க. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கோலின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வரணும். இங்கே பார்க்கிற கோல் எல்லாம் தோள் உயரத்துக்கு இருக்கு. வாள் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன், அளந்து வெட்டித் தாறேன்.